அப்பா வைத்த டெஸ்டர்

மெயின் ஆஃப் பண்ணியாச்சு என்று யார் சொன்னாலும் அப்பா டெஸ்டர் வைத்துப் பார்த்துத்தான் தொடுவார். ராஜபாளையத்து மில்லில் வயர்மேன். எண்பதுகளின் கடைசியில், நான் எலக்ட்ரிக்கல் என்ஜினியரிங் படிக்கச் சோழபுரத்து வயலை விற்கவேண்டும் என்றதும், அந்தப் படிப்பையும் அவர் நம்பவில்லை. மில் என்ஜினியரை ஒரு வாரம் கவனித்தார்.

"மோட்டார் புகைஞ்சா பத்தடி தள்ளி நிக்காரு. நான் கழட்டி மாட்டுன பொறவு நோட்டுல கையெழுத்துப் போடுதாரு. சம்பளம் என்னைவிட நாலு மடங்கு. வயலை வித்துருவோம்ட்டி" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. சும்மா நிற்கவா நான் படிக்கப் போகிறேன்?

படித்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் என்ஜினியரானேன். முதல் மோட்டார் புகைந்தபோது பத்தடி தள்ளித்தான் நின்றேன். கழற்றிக்கொண்டிருந்த வயர்மேன் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். டெஸ்டர் வைத்தது போலிருந்தது.