அக்கா ஒளிந்த வளைவு

எங்கள் அப்பா இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பண்டாரவளைக்கு இறங்கினால், தோட்டத்துத் துரை காலைச் சாப்பாட்டை முடிக்குமுன் திரும்பி ஏறிவிடுவார். ஆகவே அவர் மகனுக்கு ஓட்டம் இரத்தத்திலேயே இருக்கிறது என்று நாங்கள் குடியிருந்த லயமே முடிவு கட்டியிருந்தது. பதின்மூன்று வயதில் என் இரத்தத்தில் இருந்தது சோம்பல் மட்டும்தான். அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

பதுளையில் நெடுந்தூர ஓட்டப் போட்டி வந்தது. ஜெயித்தால் டவுன் பள்ளிக்கூடத்தில் இடமும் விடுதியும் உண்டு. எங்கள் பள்ளியிலிருந்து ஆணோ பெண்ணோ ஒரு பிள்ளைதான் போகலாம். மாஸ்டர் என் காலைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அக்காவின் காலைப் பார்க்கவில்லை. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அடுத்த மாதம் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போகவேண்டியவள்.

தினமும் நான் ஓடிப் பழகும்போது அவளும் விறகுக் கட்டோடு கூடவே வருவாள்.

"என்னடா, செனை மாடு மாதிரி மூச்சு விடுற?"

மேட்டில் எனக்குப் பதில் சொல்லக்கூட மூச்சு இருக்காது. அவளோ கதை பேசிக்கொண்டே ஏறுவாள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டத்தன்று, "நானும் ஓடிப் பாக்கட்டுமா சார்?" என்று கேட்டாள். "ஓடேன், யாரு வேணாங்குறா" என்று சிரித்துவிட்டு, மாஸ்டர் கடிகாரத்தோடு கடைசி வளைவுக்கு அப்பால் போய் நின்றார். வளைவுக்குச் சற்று முன்னால் அக்கா எனக்காகக் காத்திருந்தாள். நான் தள்ளாடி வந்து சேர்ந்தேன்.

"அக்கா, நீ முன்னால போனா அப்பா என்னய அடிச்சே கொன்னுருவாரு. செத்த நேரம் ஒளிஞ்சுக்க."

என்னையே பார்த்தாள். பிறகு தேயிலைக்குள் இறங்கிக் குந்திக்கொண்டாள்.

"அக்கா எங்கடா?" என்றார் மாஸ்டர்.

"கால் வலின்னு உக்காந்துட்டா சார்."

பதுளையில் நான் முடிக்கும்போது கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கடலை விற்கிறவர் நடந்தே என்னை முந்திவிட்டார். இதைச் சொல்லி ஊரையே பல வருடம் சிரிக்கவைத்திருக்கிறேன். வளைவுக் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய எழுபதுகளில் அக்கா புருஷனோடு கப்பலேறப் போனாள். பண்டாரவளை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் சிரித்தாள்.

"ஓடி வாடா! இப்ப நான் முன்னால போனா ஒன்னய யாரும் அடிக்க மாட்டாங்க."

இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு இல்லை.

அந்த வளைவில் பஸ் திரும்பும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன். அப்படியும் தேயிலைக்குள் யாரோ குந்தியிருப்பது தெரியும். எழுந்திரு என்று நான் இன்னும் சொல்லவில்லை.

போன வருடம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் என் மகள் எல்லாரையும் விட்டுவிட்டுத் தனியாக ஓடி வந்தாள். விஞ்ஞான டீச்சர் அசந்துபோய்விட்டார்.

"இதெல்லாம் பரம்பரையில வரணுங்க. ஒங்க பக்கமா, அம்மா பக்கமா?"

"எங்க பக்கந்தாங்க."

"அப்ப நீங்க பெரிய ஓட்டக்காரர்னு சொல்லுங்க!" என்று கையை நீட்டினார்.

நானும் குலுக்கினேன்.