பப்பில் ஒரு தனி ஆவர்த்தனம்

போன புதன்கிழமை மதுரா போன் செய்தாள். நண்பர் சிவநேசனின் மகள். வென்ட்வேர்த்வில்லில் எங்களுக்கு அடுத்த தெரு. யுனிவர்சிட்டியில் படிக்கிறாள்.

"அங்கிள், சண்டே மத்தியானம் மரிக்வில்ல எங்கட பாண்ட் வாசிக்குது. நான்தான் டிரம்ஸ். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவீங்களா? ஜஸ்ட் வன் செட்."

"எந்த ஹால் பிள்ளை?"

"ஹால் இல்ல அங்கிள்... பப்."

பப் என்றால் மதுக்கடை. அங்கே சிவநேசனைக் கூட்டிப்போவதா?

மதுரா சின்ன வயதிலிருந்து மிருதங்கம் படித்தவள். அரங்கேற்றமும் ஆயிற்று — பட்டு, பிரதம விருந்தினர், பொன்னாடை, முடிவில்லாத நன்றியுரை, எல்லாம் முறைப்படி. பிறகுதான் ஜாஸ் வந்து சேர்ந்தது. அதுவும் நூறு வருடத்துக்கு முந்தைய பழைய ஜாஸ். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அப்பாட்டச் சொல்லுங்கோ", "அவளிட்டச் சொல்லு" என்று அம்மா வசந்தி மூலமாகத்தான் செய்தி போய்வந்தது. இந்த ஒருமுறை அப்பா வராவிட்டால் மரிக்வில்லில் அறை எடுத்துக்கொண்டு போய்விடுவதாக மதுரா அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அறை எடுத்துப் போன பிள்ளை பிறகு விருந்தாளியாகத்தான் வரும். சிவநேசனுக்கும் அது தெரியும்.

"ஒரு கச்சேரிக்கு வராததுக்கு வீட்டை விட்டுப் போறதா?" என்று போனில் கேட்டேன்.

"அரங்கேற்றத்திலயே அப்பா என்ர தனியைக் கேக்கேல்ல, அங்கிள். வந்த எல்லாருக்கும் சாப்பிட ரோல்ஸ் காணுமோ எண்டு வெளியில நிண்டு பாத்துக்கொண்டிருந்தவர்."

உண்மைதான். ஆனால் அவர் மட்டுமா? பாட்டு நின்று மிருதங்கம் தனியாகப் பேசத் தொடங்கும். உடனே பாதி ஹால் எழுந்துவிடும். டீ, ரோல்ஸ், டாய்லெட், பார்க்கிங்... தனி தொடங்கினால் எழும்ப வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை. கால்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானம், அறைப் பேச்சுக்குப் பயந்து வரச் சம்மதித்த சிவநேசனை என் காரில் ஏற்றினேன். வசந்தியும் அவரது தோழிகளும் பின்னால் இன்னொரு காரில்.

"அரங்கேற்றம் செய்த பிள்ளை, அண்ணை. தண்ணிக்கடையில இருந்து கொட்டு அடிக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?" என்று தொடங்கினார் சிவநேசன்.

சனம்! நூறு வருடத்துக்கு முன் இதே நகரத்துச் சனமும் அதைத்தான் சொன்னது. ஜாஸ் வந்தது, நடன மண்டபங்கள் நிறைந்தன. பெண்கள் கூந்தலை வெட்டினார்கள், பாவாடை முழங்காலுக்கு ஏறியது. ஃபாக்டரியில் வேலை செய்கிற பெண்ணும் ஆபீஸ் கிளார்க்கும் யாரும் அறிமுகம் செய்து வைக்காமலே கைகோர்த்து ஆடினார்கள். பத்திரிகையும் சர்ச்சும் அலறின — இந்தச் சத்தம் எங்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறது! சத்தமா பிரச்சினை? பிள்ளைகள் கேட்காமல் வெளியே போனதுதான் பிரச்சினை. நம் பக்கம் மட்டும் என்ன? 'நல்ல குடும்பத்து'ப் பெண் மேடை ஏறினால் மானம் போயிற்று என்றார்கள். இன்றைக்கு அரங்கேற்றத்துக்குச் சனிக்கிழமை ஹால் கிடைப்பதில்லை.

இதையெல்லாம் சொன்னேன். மனிதர் அசையவில்லை. கடைசியாக இன்னொரு கதையும் சொன்னேன். அந்த நாட்களில் அமெரிக்காவிலிருந்து கறுப்பினத்தவரின் ஜாஸ் பாண்ட் ஒன்று இங்கே வந்தது. நல்ல வரவேற்பு. மெல்பேர்னில் அவர்கள் தங்கியிருந்த இடத்தில் போலீஸ் நுழைந்தது. உள்ளே விருந்தில் வெள்ளைக்காரப் பெண்களும் இருந்தார்கள். பெண்கள் மேல் போட்ட வழக்கு கோர்ட்டில் நிற்கவில்லை. பாண்டைத் திருப்பிக் கப்பலேற்றிவிட்டார்கள்.

சிவநேசன் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க தங்கிற பெர்மிட்டை நீட்டேல்லையோ?"

"இல்லை."

"பிழை ஒண்டும் செய்யேல்லை?"

"வாசிச்சதுதான்."

சிவநேசன் அகதியாகப் படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. மரிக்வில் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பப்பில் பியர் வாசனை, சிப்ஸ் வாசனை. எங்கள் ஆட்கள் கையில் லெமனேடோடு முன்வரிசையைப் பிடித்துவிட்டார்கள். ஒவ்வொருவர் தனியாக வாசித்து முடிக்கும்போதும் வெள்ளைக்காரர்கள் பாட்டின் நடுவிலேயே கைதட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் பாட்டு முடிந்துவிட்டது என்று வசந்தி ஹாண்ட்பாக்கை எடுத்து, திரும்ப வைத்தார். சிவநேசன் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். அவர் முதல் தட்டில் அடிக்க, மற்றவர்கள் இரண்டாவது தட்டில் அடித்தார்கள். கை அப்படியே நின்றது. முகம் சுருங்கியது.

பிறகு டிரம்பெட் நின்றது. பியானோ நின்றது. மதுரா மட்டும் தனியாக வாசிக்கத் தொடங்கினாள்.

என்னத்தைச் சொல்ல... எங்கள் வரிசை எழுந்துவிட்டது! வசந்தி ஹாண்ட்பாக்கோடு. இரண்டு அன்ரிமார் டாய்லெட் பக்கம். நானும்தான் — பாதி எழும்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. மதுரா நிமிர்ந்து பார்த்தாள். கை பிசகவில்லை. முகம் வாடிவிட்டது.

"இருங்கோ!"

பப்பே திரும்பிப் பார்த்தது. சிவநேசன் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"எல்லாரும் இருங்கோ! பிள்ளை தனி வாசிக்கிறாள்!"

திரும்ப உட்கார்ந்தோம். பியர் ஊற்றிக்கொண்டிருந்தவரும் கையை நிறுத்தினார். மதுரா தலையைக் குனிந்துகொண்டு வாசித்தாள். முடிக்கும்போது ஒரு கோர்வை — தனியை முடித்துவைக்கும் தாளக்கட்டு — வந்தது, மும்முறை. சுத்தமான மிருதங்கக் கோர்வை, ஜாஸ் டிரம்ஸில். மூன்றாவது முறை அது வந்து விழுந்த இடத்தில் சிவநேசனின் கையும் தொடையில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

வெளியே மதுரா எங்களிடம் வந்து நின்றாள். வசந்தி செய்தி கடத்தத் தயாராக நடுவில் நின்றார். வேலை இருக்கவில்லை.

"சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு," என்று சிவநேசன் நேரே மகளிடம் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "உந்த டிரம்மைக் கொண்டுவந்து கராஜில வை. அறை ஒண்டும் எடுக்கத் தேவையில்லை."

"ஓகே, அப்பா."

அந்தக் கால ஜாஸ், உட்கார்ந்திருந்த ஊரையெல்லாம் எழுப்பி ஆடவைத்தது என்பார்கள். தனி தொடங்கிய பிறகு எங்கள் ஆட்களை உட்காரவைப்பது அதைவிடக் கஷ்டம்!