யாருடைய பாஷையிலும் இல்லாத பாட்டு

மைசூருக்கு நான் வந்த வருடம் காவிரியில் தண்ணீர் குறைவு. மண்டியா பக்கம் ரோட்டை மறித்துக்கொண்டிருந்தார்கள். போகாதி தாண்டி ரிங் ரோடு ஓரத்தில் ஒரு மூன்று மாடி வீட்டில் நாங்கள் கிரானைட் பதித்துக்கொண்டிருந்தோம். வாசலில் வைத்திருந்த ஸ்பீக்கரில் தமிழ்ப் பாட்டு ஓடியது. எதிர் மனையில் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒருவன் ரோட்டைத் தாண்டி வந்தான். ஸ்பீக்கரைக் காலால் எத்தி மணலில் தள்ளினான். திரும்பிப் போனான்.

மேஸ்திரி உள்ளூர்க் கன்னடக்காரர். கெட்டவர் இல்லை. சண்டை வந்தால் வேலை நிற்கும் என்பதுதான் அவருடைய பயம். எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“தமிழ்ப் பாட்டு பேடாப்பா. கன்னடம் போட்டா உங்க தமிழ் ஆளுங்க மூஞ்சியைத் தூக்கறான். ஹிந்தி போட்டா ரோட்டுல போறவன் வந்து கேக்கறான். யாருக்கும் புரியாத பாட்டு இருந்தா போடு. இல்லைன்னா வாயை மூடிட்டு கெல்சா மாடு.” வேலையைப் பார் என்று.

என் கூட்டாளி ஸ்பீக்கரை எடுத்து மணலை ஊதினான். “யாருக்கும் புரியாததுன்னா, என்ற பொண்டாட்டி போன்ல பேசறத ரெக்கார்டு பண்ணிப் போடட்டுங்களா மேஸ்திரி?”

“அது எனக்கே புரியும். உன்னைத்தான் திட்டறா.”

கூட்டாளிக்குச் சொந்த ஊர் மார்டள்ளி. கொள்ளேகால் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ஓட்டு கர்நாடகத்தில், வீட்டில் பேச்சு தமிழ். காவிரிச் சண்டை நாட்களில் அவன் கடைக்குப் போனால் கன்னடத்தில் பேசுவான், நான் பின்னால் ஊமை மாதிரி நிற்பேன். உறவு ஒன்றும் கிடையாது. இருந்தாலும் அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மாப்ள. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருப்பூர் பனியன் கம்பெனி, ஓசூர், மங்களூரில் மீன் ஏற்றுவது என்று சுற்றிவிட்டு வந்த எனக்குக் கல்லை அறுக்கச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். என்னைவிட ஒரு வயது சின்னவன். அப்போது அவன் ஸ்லாப்பின் ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே மாடி ஏறுவான். அந்த நெஞ்சு போனது இந்த வேலையில்தான். அது போய்க்கொண்டிருந்த காலம் முழுக்க நாங்கள் என்ன கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். இரண்டையும் தனித்தனியாக எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

மேஸ்திரி சொன்னதைச் சவாலாக எடுத்துக்கொண்டவன், சுவருக்குப் பட்டி பார்க்கும் அஸ்ஸாம்காரன். அவனுக்கு எங்கள் சண்டை எதிலும் பங்கில்லை. சாப்பாட்டு நேரத்தில் போனை எங்கள் முன் வைத்து ஒரு வீடியோவைத் தட்டினான். பாலைவனத்தில் முகம் முழுக்கத் துணி சுற்றிய நாலு பேர், கையில் கரண்ட் கிடார். பின்னால் பெண்கள் கை தட்டுகிறார்கள். கிடார் ஒரே இடத்தில் செக்கு மாடு மாதிரி நடந்துகொண்டிருந்தது. பாடியவன் கத்தவில்லை, கெஞ்சவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்வது போல் பாடினான். பாட்டு முடிந்ததும் நாங்கள் யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.

“என்ன பாஷை?” என்றான் மச்சான்.

“கொத்தில்லா,” என்றான் அஸ்ஸாம்காரன், தெரியாது என்று.

“நீ கண்டுபிடிச்ச பாட்டுதானே?”

“போனு ஹாக்து.” போனே போட்டதாம்.

அது உண்மைதான். அதற்கு முன் நாங்கள் பழைய சினிமாப் பாட்டைத் தவிர எதையும் தேடியதில்லை. ஆங்கிலப் பாட்டு தெரியும். அது ஓனர் வீட்டுப் பிள்ளைகள் காருக்குள் வைப்பது, நமக்கு இல்லை என்று விட்டுவிடுவோம். இது அப்படி விலகி நிற்கவில்லை. ஒன்று முடிந்தால் போன் அடுத்ததை எடுத்துக் கொடுத்தது. பூனைக் கண் வைத்த ஒரு பெண் கொரிய பாஷையில் பாட, நடுவில் ஒருத்தன் வேகமாகப் பேசினான். அடியில் ஏதோ கிழட்டுத் தந்தி வாத்தியம். துருக்கியோ என்னவோ, கல்யாண வீட்டு நாதஸ்வரம் மாதிரி ஒன்று, அதன் மேல் கம்ப்யூட்டர் அடி. ஒரு பக்கம் பித்தளை ஊதுகுழல்கள், ஒரு பக்கம் நம் தமுக்கு மாதிரி, பாடுவது போர்த்துகீசு என்று கீழே எழுதியிருந்தது. எனக்கு ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்க வரும். ஊர் பெயர்களை நான் கூட்டிக் கூட்டிப் படித்துச் சொல்வேன். அந்த ஊரெல்லாம் எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

கலந்த பாட்டு என்று மச்சான் பெயர் வைத்தான். “மண்ணு ஒண்ணு, ஜல்லி ஒண்ணு, சிமெண்ட் ஒண்ணு. ஆனா பாருடா, எவனோ தண்ணி அளவாத்தான் ஊத்தியிருக்கான்.”

அவனுக்குப் பிடித்தது மங்கோலியப் பக்கத்துக் கூட்டம் ஒன்று. தோல் உடுப்பு, குதிரைத் தலை வைத்த பிடில், கூடவே காது கிழிகிற கிடார். பாடுகிறவன் தொண்டையிலிருந்து பாடவில்லை, நெஞ்சுக்குழிக்குள்ளிருந்து உறுமினான். மச்சான் ஒரு வாரம் அதையே போட்டான். பிறகு ஸ்லாப் தூக்கும்போது அவனே உறும ஆரம்பித்தான். மூச்சை இழுத்து அடக்கி, நெஞ்சிலிருந்து விட்டால் படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கும். மேஸ்திரி கீழிருந்து, “ஏய், புலி வந்திதா?” என்பார். எதிர் மனைக் கம்பிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்பீக்கரை எத்தியவனும் சிரித்தான். மச்சான் அவனுக்கு ஒருநாள் அந்தப் பாட்டை அனுப்பிவைத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கல் அறுக்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மெஷினைப் பிடிப்பான், இன்னொருவன் மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் பிளேடின் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே போவான். தண்ணீர் விட்டால் தூள் சேறாகக் கீழே ஓடிவிடும். காலி வீட்டில் அப்படித்தான் செய்வோம். ஆனால் எங்களுக்கு வந்த வேலையில் பாதி, குடியேறிய வீடுகளில் சமையல் மேடையை மாற்றுவது. அங்கே தண்ணீருக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஈரக் கல்லை உள்ளே கொண்டுபோனால் மரக் கபோர்டு ஊறிவிடும், சேறு சொட்டித் தரையில் கறை நிற்கும். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் உட்கார்ந்து காய்ந்த கல்லை அப்படியே அறுக்க வேண்டும். வெள்ளைப் புகை எழும். பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியாது. ஒரு துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வோம். எங்களிடம் இருந்த பாதுகாப்பு அது ஒன்றுதான்.

மக்கள் குடியிருக்கும் வீட்டில் ஸ்பீக்கர் வைக்க முடியாது. அதனால் இயர்போன் வந்தது. மெஷின் அதிர்வில் இயர்போன் காதில் நிற்காது. நழுவி விழும், ஒயர் பிளேடுக்குப் போகும். மச்சான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். மூக்கில் கட்டும் துண்டை மேலே ஏற்றிக் காதோடு சேர்த்து, தாடைக்கு அடியில் முடிச்சுப் போட்டான், பல்வலிக்காரன் கட்டுவது மாதிரி. இயர்போன் அசையவில்லை. மெஷின் சத்தமும் குறைந்தது. நானும் கட்டிப் பார்த்தேன், அருமையாக இருந்தது. எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் அப்படிக் கட்டினார்கள். இன்னொரு துண்டு எடுத்து மூக்கிலும் கட்டியிருக்கலாம். வியர்க்கும் என்று யாரும் கட்டவில்லை. எனக்கு அந்தக் கட்டு தலைவலி கொடுத்தது, கொஞ்ச நாளில் பழையபடி மூக்குக்கே மாற்றிவிட்டேன். அவன் மாற்றவில்லை. நாள் முழுக்க அந்தப் புகைக்குள் உட்கார்ந்து, நாங்கள் பார்க்காத ஊர்களின் பாட்டைக் கேட்டுக்கொண்டு அறுத்தான்.

முதலில் வறட்டு இருமல். பிறகு மாடி ஏறினால் நடுவில் நிற்பான், பீடி பற்றவைப்பது போல் பாவனை செய்வான். மெலிந்தான். ஒரு டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார். மாத்திரை தின்றான், மூத்திரம் சிவப்பாகப் போனது, இருமல் அப்படியே இருந்தது. மாத்திரைக் கணக்கு முடிந்த பிறகு வேறொரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் வேலை என்ன என்று கேட்டார். சொன்னான். அவர் மறுபடி படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். நெஞ்சுக்குள் கல் தூள் படிந்து தழும்பாகிவிட்டது, அதை எடுக்க மருந்து இல்லை, வேலையை விட்டால் இன்னும் மோசமாகாமல் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

“மெஷினை விட்டுப்போடு மச்சான்,” என்றேன்.

“விட்டுப்போட்டு? காட்டுல மழையும் இல்ல, போர்ல தண்ணியும் இல்ல. வூட்ல உக்காந்து உறுமட்டுமா?”

அவன் வேலையை விடவில்லை. அறுப்பதை மட்டும் நான் செய்தேன். அவன் பாலிஷ், பசை, அளவு எடுப்பது என்று ஒதுங்கிக்கொண்டான். அதுவும் தூள்தான். பாட்டை மட்டும் குறைக்கவே இல்லை. ஆனால் கூடப் பாடுவது நின்றது. உறுமல் நின்றதை மேஸ்திரிதான் முதலில் கவனித்தார். “புலி எல்லி ஹோய்து?” என்று கேட்டார், புலி எங்கே போச்சு என்று. அதற்குப் பிறகு அவர் அவனை மாடி வேலைக்கு அனுப்பவில்லை. ஆடிக் காற்று அடித்த ஒரு நாள் தரைத்தளத்திலேயே குனிந்து அளவெடுத்தவன் நிமிர முடியாமல் முட்டி போட்டுவிட்டான். அன்று அவனை ஊருக்கு அனுப்பினோம். கொள்ளேகால் வரை நான் கூடப் போனேன், அங்கே அவன் மனைவி பஸ் நிலையத்தில் காத்திருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து மார்டள்ளிக்குப் போனேன். அங்கே போனுக்குச் சிக்னல் சரியாக வராது என்று தெரியும். அதனால் அவன் கேட்காத பாட்டுகளாகப் பார்த்துப் பார்த்து இறக்கிவைத்துக்கொண்டு போனேன். தகரக் கூரை வீடு. கட்டிலில் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கும். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முன்னால் இருந்த மேஜையில் தலையணை வைத்து அதன் மேல் சாய்ந்திருந்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு குழிகள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவை உள்ளே போய் வந்தன.

“வாங்கண்ணா,” என்றாள் அவன் மனைவி. “காலைல இருந்து உங்களத்தான் பாத்துட்டே இருக்காரு.”

“பாட்டு கொண்டாந்தியா?” என்றான்.

முதலில் ஒரு பெண் பாடியதைப் போட்டேன். எந்த நாடு என்று மறந்துவிட்டது. ஆர்மோனியம் மாதிரி ஒன்று, பின்னால் மெதுவான மெஷின் அடி. அவள் ஒரு சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். மைசூரில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அவன் கையைத் தூக்கினான்.

“நிறுத்து, மாப்ள. அவ மூச்ச விட்டாத்தான்... என்னால விட முடியுது. அவ... விடவே மாட்டேங்கறா.”

பாட்டுக் கேட்கிறவனும் பாடுகிறவனோடு சேர்ந்து மூச்சுவிடுகிறான் என்பதை அதுவரை நான் அறியவில்லை. நெஞ்சு நன்றாக இருப்பவனுக்கு அது தெரிய வழியில்லை.

குரலே இல்லாத ஒன்றைத் தேடினேன். இரண்டு தேசத்து மேளம், அதோடு கம்ப்யூட்டர். மெதுவாக ஆரம்பித்தது. ஓர் அடி, ஓர் இடைவெளி. அவன் அதில் போய் உட்கார்ந்துகொண்டான். அடிக்கு இழுத்தான், இடைவெளியில் விட்டான். நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. நல்லதைக் கொண்டுவந்தோம் என்று நினைத்தேன். அப்புறம் அடி நெருங்க ஆரம்பித்தது. அவனால் அதை விட முடியவில்லை. கூடவே ஓடினான். கழுத்துக் குழிகள் படபடத்தன, உதடு நீலமானது. கை தூக்கவில்லை. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி வந்தாள். அவள் அவனை மட்டும் பார்த்தாள்.

“அண்ணா, நிறுத்துங்க. அத நிறுத்துங்கண்ணா!”

கல் தேய்த்த விரலுக்குப் போன் கண்ணாடி சீக்கிரம் அசையாது. இரண்டு மூன்று முறை தேய்த்தேன், பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவள் பிடுங்கி ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நிறுத்தினாள். அவன் முதுகை நீவிக்கொண்டே இருந்தாள். மூச்சு அவனுடைய வேகத்துக்கு வருவதற்குள் உலைச் சோறு குழைந்துவிட்டது.

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றான். “கடைசில... கொஞ்சம் ஓடிட்டான்.”

பஸ் நிற்கும் இடம் வரை அவள் கூட வந்தாள். “இனிமே வந்தா சும்மா வாங்கண்ணா. உக்காந்து பேசிட்டு இருங்க, போதும். பேச்சுன்னா அவரு வேணுங்கறப்ப நிறுத்திக்கலாம்.”

அப்படியே இரண்டு முறை போனேன். பேசினோம். அவன் பாதிச் சொல்லில் நிறுத்துவான், நான் காத்திருப்பேன், சில சமயம் மீதிச் சொல் வராது. தை மாதம் போய்ச் சேர்ந்தான். மைசூரிலிருந்து மேஸ்திரியும் நானும் அஸ்ஸாம்காரனும் போனோம். மேளக்காரர்களைக் கூப்பிட்டாயிற்றா என்று மச்சானின் அண்ணன் கேட்டபோது, வேண்டாம் என்றாள் அவள். ஊரில் அப்படி வழக்கமில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் வந்து அவளிடம் பேசிப் பார்த்தார்கள். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மேள அடி இல்லாமல்தான் தூக்கிக்கொண்டு போனோம்; சுமந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் நடந்ததால் பாதி வழியில் நின்று தோள் மாற்ற வேண்டியிருந்தது.