இங்கிலீஷ் பாட்டுதானே என்று விட்டுவிட்டேன்

என் தங்கை டெக்சாஸிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு, அமெரிக்காவின் இன்னொரு கோடியில் இருக்கும் எங்கள் பிரிட்ஜ்வாட்டர் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புருஷனோடு மனஸ்தாபம், கொஞ்ச நாள் உன்னோடு இருக்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏர்போர்ட்டிலிருந்து வரும்போதே காரில் விசாரணையை முடித்துவிட்டேன். குடிக்கிறாரா? இல்லை. அடிக்கிறாரா? இல்லை. வேறு யாராவது? சேச்சே, இல்லை. "அப்புறம் என்னடி உனக்குக் குறைச்சல்?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் ஆறினால் தானே கிளம்பிவிடுவாள் என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

பேஸ்மென்ட்டில் அவளுக்கு ஓர் அறை. அங்கேயே லேப்டாப்பில் ஆபீஸ் வேலை. வேலை முடிந்தால் பாட்டு. நாங்கள் பிறப்பதற்கு முன்னால், கோட்டு சூட்டோடு, பின்னால் ஒரு படை வயலின்காரர்களை வைத்துக்கொண்டு பாடிய ஓர் அமெரிக்கப் பாடகர். வழவழவென்று குரல். ஒரே ஆல்பம்தான், முதல் பாட்டிலிருந்து கடைசிவரை, மறுபடியும் முதலிலிருந்து. மேலே தோசை வார்த்தபடி நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அவள் தமிழில் சோகப் பாட்டு போட்டிருந்தால் பல்லவி முடிவதற்குள் கீழே ஓடியிருப்பேன். இங்கிலீஷ் பாட்டு என்றால் எனக்கு மெட்டு மட்டும்தான் காதில் விழும். இருபது வருஷமாக இந்த ஊரில் இங்கிலீஷில் மீட்டிங் நடத்துகிறேன், இன்ஷூரன்ஸ்காரனோடு சண்டை போடுகிறேன், ஆனால் பாட்டு வந்தால் வார்த்தையைக் கவனிக்கவே தோன்றாது. திருச்சியிலிருந்து அம்மா போன் பண்ணும்போதெல்லாம், "நல்லா பாட்டு கேட்டுக்கிட்டு ஜாலியா இருக்காம்மா, தேறிட்டா" என்று ரிப்போர்ட் கொடுத்தேன். அம்மா அந்தத் தைரியத்தில், அவளைத் திருப்பி அனுப்புவதாக மாப்பிள்ளையிடம் பேசினார். நான் சனிக்கிழமைக்கு அவளுக்கு டெக்சாஸ் திரும்ப ஹூஸ்டன் டிக்கெட் போட்டேன். தங்கையிடம் சொன்னதும் "சரிக்கா" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மகளை ஸ்கூலிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது அந்த மெட்டை முணுமுணுத்திருக்கிறேன். பதினைந்து வயது, ஸ்கூல் கொயரில் பாடுகிறவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். சித்தி கேட்கிற பாட்டா, இது எதைப் பற்றி என்று உனக்குத் தெரியுமா என்றாள். ஏதோ காதல் பாட்டு என்றேன். அந்த ஆல்பம் முழுக்க ஒரே கதையாம். துணை இல்லாமல் ஒரு மனுஷன் தன் வீட்டிலேயே தனியாகக் கிடப்பது. அதனால்தான் சித்தி வரிசை மாற்றாமல் கேட்கிறாள், நீ கவனிக்கவே இல்லையா என்றாள். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னாள்.

மளிகைக் கடை பார்க்கிங்கில் காரை நிறுத்தி, மகளை மூன்று பாட்டு போடச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் எனக்குப் புரிகிற, சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தைகள். சே, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது. பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

தங்கை துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க என்னதான்டி நடந்துச்சு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பெரும்பாடு. இருந்தேன்.

"அங்க இருந்த கடைசி எட்டு மாசமா அவர் என்கிட்ட பேசலக்கா" என்றாள். "சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. வச்சா சாப்பிடுவார். எதுத்தாப்ல வந்தா ஒதுங்கிப் போவார். ஏன்னு கேட்டா ரூமுக்குப் போயிடுவார். ஒரு நாள் ஜுரத்துல கெடந்தேன், கதவைச் சாத்திட்டு ஆபீஸ் போயிட்டார். குடிக்கல, அடிக்கல. இத யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது?"

அவள் மடித்து வைத்த சுடிதார்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் போட்டேன்.

"டிக்கெட் போட்டாச்சேக்கா" என்றாள்.

"போட்டா என்ன? நீ போக வேண்டாம்."

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

அப்போதுதான் அழுதாள். வந்த மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை.