வளைந்த விரலுக்கு ஒரு பலகை

என் இடது கை ஆள்காட்டி விரல் நிமிராது. திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு வெட்டப் போன வயதில் கத்தி பட்டது. காயம் ஆறியும் விரல் கொக்கி போல மடங்கியே நின்றுவிட்டது. அந்தக் கையோடுதான் தச்சு வேலை கற்றேன். நாலாவது தாண்டாதவன் நான். இன்று திண்டிவனத்தில் சொந்த மரக்கடை. எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள்.

எண்பதுகளில் விழுப்புரத்தில் இருந்தபோது, வானூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டுக்கு ஜன்னல் செய்து கொடுத்தேன். ஊருக்குக் கிளம்பும்போது தன் உகுலேலேயை எனக்குத் தந்துவிட்டுப் போனார். கிட்டார் குட்டி போட்டது மாதிரி இருக்கும், நான்கே தந்தி. யாரிடமும் போகாமல் நானே தட்டிக் கற்றுக்கொண்டேன். மாதா கோயில் திருவிழாப் பூசையில் பாடற்குழுவோடு உட்கார்ந்து வாசித்தே தீருவது என்று ஒரு வெறி.

ஒரே இடத்தில்தான் தடுக்கியது. நான்கு தந்தியையும் ஒரே விரலால் குறுக்கே அமுக்க வேண்டிய இடங்கள் உண்டு. விரல் அமுக்கும் பலகையோ மேசை போல் தட்டை. ஓரத் தந்திகள் அழுந்தும். வளைவுக்கு அடியில் மாட்டும் நடுத் தந்திகள் இரண்டும் செத்த சத்தம் போடும். அமுக்கி அமுக்கி மணிக்கட்டு வீங்கிவிட்டது.

குழுவில் கிட்டார் வாசித்தவர் சைக்கிள் கடைக்காரர். ஒத்திகையில் எல்லார் எதிரிலும் சிரித்தார்.

“இன்னாப்பா, கொக்கிய வெச்சிக்கினு வாசிக்க வந்துட்ட? சட்டைய மாட்டலாம் அதுல. பேசாம தாளம் போடு.”

“திருவிழா அன்னிக்கு இதே கொக்கியில வாசிக்கிறேண்ணா. பக்கத்துலயே நின்னு கேளு.”

விரல் நிமிராது. சரி, பலகை வளையட்டும் என்று முடிவு செய்தேன். குறுக்கே பதித்திருந்த பித்தளைப் பட்டைகளைப் பிடுங்கினேன். பலகையின் இரண்டு ஓரத்தையும் இழைத்து, நடுவை மேடாக விட்டேன். பட்டைகளைத் தண்ணீர்க் குழாய் மேல் வைத்து வளைத்து, திரும்ப அடித்தேன். தந்தி கட்டிப் பார்த்தால் நடுத் தந்திகள் பட்டையில் உரசிக் கரகரக்கின்றன. ஓரத் தந்திகள் எங்கோ உயரத்தில் நிற்கின்றன. தந்தியைத் தாங்கும் மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் பழையபடி நேராகவே இருந்தன! அவசரத்தில் மறந்திருந்தேன். அவற்றையும் அதே வளைவுக்குச் செதுக்கினேன். விரலை வைத்தேன். உளிப் பிடியில் கை உட்காருவது போல உட்கார்ந்தது. நான்கு தந்தியும் பேசின.

திருவிழாப் பூசையில் காணிக்கைப் பாட்டு முழுவதும் வாசித்தேன். ஒரு தந்தி பிசகவில்லை.

பூசை முடிந்ததும் சைக்கிள் கடைக்காரர் உகுலேலேயைக் கையில் வாங்கினார். அவருக்கு நேரான விரல். அந்த மேட்டின் மேல் குறுக்கே வைத்ததும் ஓரத் தந்திகள் இரண்டும் செத்த சத்தம் போட்டன.

“இன்னாப்பா, நல்ல சாமான இப்டிக் கெடுத்து வெச்சிருக்க? வெரலே ஒக்கார மாட்டேங்குது.”

“உன் வெரலு ஒக்காராதுண்ணா. இது உனுக்குப் பண்ணது இல்ல. குடு இங்க.”

வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் நான்தான் வாசிக்கிறேன். வேறு எந்தக் கைக்கும் அது ஒத்து வரவில்லை. வரவும் வேண்டாம்.