கழற்றி வைத்த பேட்டரி

என் கணவர் கடைசிவரை பயன்படுத்திய கையடக்க டிஜிட்டல் டைரியை இன்று காந்திபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். செல்போனுக்கு முன்பே வாங்கியது. குச்சியால் திரையில் எழுத வேண்டும். அவருடைய குறிப்புகளைப் படிக்க இத்தனை நாள் மனம் வரவில்லை.

கடைக்காரர் புது பேட்டரி போட்டார். திரை விழித்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"பழைய பேட்டரி எங்கீங்க?"

"அவர் போனதுமே கழட்டி வெச்சுட்டனுங்க. கசிஞ்சு கெட்டுறக் கூடாதுன்னு."

"அடடா! பேட்டரி இருக்கற வரைக்கும்தானுங்க இதுக்கு ஞாபகம். கழட்டுனா ஒரு நிமிசத்துக்குள்ள புதுசு போட்டரோணும்."

பத்திரப்படுத்துவதாக நினைத்து நானே அழித்திருக்கிறேன்.

கடைக்காரர் சோதிக்கத் திரையில் A எழுதினார். கருவி ஏற்கவில்லை. "திரையும் போச்சாட்ட இருக்குதுங்க."

குச்சியை வாங்கி, அதே A-வை நடுக்கோடு இல்லாமல் எழுதினேன். உடனே ஏற்றது. அதற்கு அப்படித்தான் எழுத வேண்டும்.

"நீங்களும் இது மாதிரி ஒண்ணு வெச்சிருந்தீங்களா அம்மணி?"

"இல்லீங்க. மளிகைச் சீட்டுலகூட அவர் இப்படித்தான் எழுதுவாரு. நான் கிண்டல் பண்ணீட்டே இருப்பேன்."

அங்கேயே என் கணவர் பெயரை எழுதிச் சேமித்தேன். இப்போது அதில் அது மட்டும்தான் இருக்கிறது.

பேட்டரி மாற்ற மாதாமாதம் யாராவது எனக்கு நினைவூட்டுங்கள். நினைவூட்டத்தான் அந்தக் கருவியை வாங்கினோம்.