பெட்ஷீட்டில் சுற்றி வந்த நான்கு மானிட்டர்கள்

பங்கு வர்த்தகத்துக்காக நானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்துகொண்டிருந்தேன். நான்கு திரைகளை இணைக்கும் பழைய கிராபிக்ஸ் கார்டு மலிவாகக் கிடைத்துவிட்டது. மானிட்டர் விலைதான் கையைக் கடித்தது. ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஒருவர் நான்கு மானிட்டர்களை மொத்தமாக விற்பதாக இணையத்தில் பார்த்ததும், அல்வாலிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினேன்.

அவர் ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான்கையும் போட்டுக் காட்டினார். ஒரு கீறல்கூட இல்லை. நான் விலையைப் பற்றி வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி பழைய பெட்ஷீட்டுகளில் அவற்றைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

"பேரமெல்லாம் நக்கோ, வேண்டாம் அண்ணா. நீங்க குடுக்கறதைக் குடுங்க. ஸ்டாண்டையும் சும்மாவே எடுத்துட்டுப் போங்க," என்றார் அந்த அம்மா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் சார் விக்கறீங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"டிரேடிங்கை விட்டுட்டேன். எனக்கு இதை வித்தவரும் இப்படித்தான் சொன்னார். பாவம், அவருக்கு விளையாடத் தெரியலன்னு நினைச்சுக்கிட்டே வாங்கிட்டு வந்தேன்."

எதிரே நின்ற இவரைப் பற்றி நானும் அந்த நொடியில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நான்கு திரைகளும் பளிச்சென்று எரிந்தன. என் மனைவி கீழே கிடந்ததைச் சுட்டிக்காட்டி, "இந்த பெட்ஷீட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், மடிச்சு உள்ள வை," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. நான்தான் இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.